இஸ்லாத்தை விமரிசிக்கப் புகுவோர்க்கு

பதினோராம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலே, பாக்தாத் நகரத்து நிஜாமிய்யாக் கலாசாலையில் 300 மாணாக்கர்க்கு ஆசிரியராய் வீற்றிருந்த இமாம் கஸ்ஸாலி, கிரேக்கர் வழிவந்த தத்துவ ஞானிகளின் கோட்பாடுகள் சில தம் சமயத்துக்கு முரணானவை என்று கண்டு அவற்றை மறுக்கத் துணிந்தபோது, போதனைக்கும் நூலியற்றலுக்கும் இடையே வாய்த்த ஓய்வு வேளைகளில், ஏறக்குறைய இரண்டாண்டுகள், ஆசிரியர் துணையின்றித் தாமே அந்நூல்களைக் கற்று, அதன்மேல் ஓராண்டுக்காலம் கற்றவற்றை மீள மீளச் சிந்தித்துத் தெளிந்தார். ஒரு சாத்திரத்தில் தலைசிறந்த புலவனுக்கு நிகராகத் தேர்ந்தாலன்றி அச்சாத்திரத்தின் குற்றத்தை ஒருவன் காண மாட்டான் என்பது அவர் கொண்டிருந்த உறுதி. அந்தத் தத்துவ ஞானிகளின் நோக்கம் இன்னது என்று விளக்குவதற்கே தனியாக ஒரு நூல் செய்து, அதில் மறுப்பின் வாசனையே படாமல் அவர்கள் கொள்கையை எடுத்துரைத்து, மறுப்பை வேறொரு நூலுக்கு ஒதுக்கி வைத்தார். முதல் நூல் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்து டொலீடோ நகரில் லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, மறுப்பு நூலை அறியாத ஐரோப்பியப் பண்டிதர்கள், இதனை இயற்றியவர் அத்தத்துவ ஞானிகளின் கட்சியைச் சேர்ந்தவரே என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். எதிர்க்கட்சியை எடுத்துரைத்தவர் ஒருவர்க்கு இதனினும் பெரிய நற்சான்று வாய்த்தல் அரிது.

இந்துவாயினும் கிறிஸ்துவராயினும் கடவுள் நம்பிக்கை அற்றவராயினும், இஸ்லாத்தோடு வாதிட விரும்புகின்ற அன்பர், இந்நூலின் ஏனைய அத்தியாயங்களை எந்த வரிசையில் படித்தாலும், இந்த ஒரு நிபந்தனையை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் மறுக்கப்போகும் கொள்கையை, அதைக் கைக்கொண்டு வாழும் ஒரு முஸ்லிமிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, அவர் வாயால், 'ஆம், நாங்கள் நம்புவது இதுதான்' என்று கேட்ட பிறகே மறுப்பின் முதற்சொல்லை உச்சரிக்க வேண்டும். வாதத்தில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த நிபந்தனையின் வாயிலைக் கடக்க முடியாமலே வெளியில் நின்றுவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நம் முன்னோர்க்கு இது புதிய விதியன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, உலகாயதர் முதலிய மாற்றாரின் மதத்தை முழுமையாக நிறுத்திய பின்னரே அதன் மறுதலையைத் தொடங்குகிறார். மணிமேகலையோ, வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரையும் அணுகி அவரவர் கொள்கையை அவரவர் வாயிலாகவே கேட்கிறாள். பின்னர் அறவண அடிகளிடம் பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என்று தருக்கத்தின் பிழைகளைக் கற்கிறாள். கேட்டல் முன்னும் போலிகளைக் கற்றல் பின்னுமாக அக்காவியம் அமைந்திருத்தலை நான் தற்செயல் என்று கருதவில்லை. நியாய சாத்திரக்காரர்கள் உண்மையை நாடுவதை வாதமென்றும், வெற்றியை நாடுவதை ஜல்பமென்றும், தன் பட்சம் ஒன்றையும் நிறுவாமல் பிறர் பட்சத்தைத் தகர்ப்பதையே தொழிலாகக் கொண்டதை விதண்டை என்றும் பிரித்தார்கள். இன்று நம் ஊர்களில் இஸ்லாத்தைப் பற்றி நிகழும் பேச்சில் பெரும்பகுதி இம்மூன்றில் எதைச் சார்ந்தது என்பதை அன்பர்கள் தாமே நிதானித்துக்கொள்ளலாம்.

பிரமாணங்களின் வரிசை

முஸ்லிம்கள் எவற்றை எந்த வரிசையில் பிரமாணமாகக் கொள்கிறார்கள் என்பதை அறியாமல் அவர்களோடு வாதிடுவது வீண். 114 அத்தியாயங்கள் கொண்ட குர்ஆன், ஏறக்குறைய 23 ஆண்டுகளில், மக்காவிலும் மதீனாவிலுமாக நபிகள் நாயகத்துக்கு அருளப்பட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. அருளப்பட்ட கால வரிசையில் அது தொகுக்கப்பட்டிருக்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் கூறும் ஹதீஸ்கள். கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரியும், 875இல் மறைந்த இமாம் முஸ்லிமும் தொகுத்தவை சுன்னத் வழியினரிடையே மிக்க மதிப்புடையவை. ஆயினும் ஹதீஸ் என்று பெயர் பெற்ற எல்லாம் ஒரே தரத்தன அல்ல. அறிவித்தவர்களின் தொடரை ஆராய்ந்து, வலுவுடையது, நலமுடையது, நலிந்தது என்று தரம் பிரிக்கும் நுட்பமான சாத்திரம் ஒன்றே அவர்களிடம் வளர்ந்திருக்கிறது. அவற்றின்பின் அறிஞர்களின் ஒருமித்த முடிபும், ஒப்புநோக்கித் துணியும் அனுமானமும் வருகின்றன. நலிந்ததென்று அவர்களே தள்ளிய ஓர் அறிவிப்பை எங்கோ கண்டெடுத்து, 'உங்கள் சமயம் இப்படிச் சொல்கிறதே' என்று கேட்பவர், இல்லாத பூர்வபட்சம் ஒன்றை, அதாவது எதிர்க்கட்சி ஒன்றைத் தாமே கற்பித்துக்கொண்டு அதனோடு போரிடுகிறார்.

வேறுபாடுகளையும் அறிதல் வேண்டும். ஷியாக்களும் சுன்னத் வழியினரும் பிரமாணங்களிலேயே வேறுபடுவர். சுன்னத் வழியினரிடையே நான்கு சட்ட மரபுகள் உண்டு. தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபி மரபினரும் ஹனஃபி மரபினருமே மிகுதி. நாகூர் தர்காவின் கந்தூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனைப் பக்தியோடு நடத்துகிற முஸ்லிம்கள் இருக்கிறார்கள். சமாதியில் வேண்டுதல் செய்வது ஏக தெய்வக் கொள்கைக்கு முரண் என்று கடுமையாக மறுக்கிற முஸ்லிம்களும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே கந்தூரியைக் காட்டி 'இஸ்லாத்தில் உருவ வழிபாடு இல்லையென்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று வினவுமுன், எதிரில் அமர்ந்திருப்பவர் இவ்விருவருள் யார் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்வது தேவை. ஒருவரிடம் காணப்பட்டதை எல்லோர்மேலும் ஏற்றுவது தருக்கத்தில் பிழை. அவரவர் மனச்சாட்சிக்குச் செய்யும் அநீதியும் அதுவே.

ஒரு வசனத்தை வைத்து ஒரு பாடம்

அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்து 5ஆம் வசனம், போர் விலக்கப்பட்ட மாதங்கள் கழிந்தபின் இணைவைப்போரோடு, அதாவது இறைவனுக்குப் பிறவற்றை இணையாக்குவோரோடு, போர் புரியுமாறு ஆணையிடுகிறது. இந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்துக் காட்டி, 'முஸ்லிம் அல்லாதார் எல்லாரையும் எக்காலத்தும் கொல்லச் சொல்லும் மதம் இது' என்று முடிவு கட்டுவோர் உளர். இதற்கு முந்திய 4ஆம் வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களுக்கு விலக்களித்து, அவர்களோடு செய்த ஒப்பந்தத்தை அதன் தவணை முடியுமளவும் நிறைவேற்றச் சொல்கிறது. அடுத்த 6ஆம் வசனம், அடைக்கலம் கேட்டு வந்த இணைவைப்போனுக்குப் புகலிடம் தந்து அவனுக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டு சேர்க்கச் சொல்கிறது. 13ஆம் வசனம், சத்தியத்தை முறித்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. முன்னும் பின்னும் அறுத்தெறிந்து நடுவில் நிற்பதை மட்டும் பிரமாணமாக நீட்டுவது, எந்தச் சமய நூலுக்குச் செய்தாலும் வஞ்சகமே ஆகும்.

ஆனால் இத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்று முஸ்லிம் நண்பர் கூறுவாராயின், அதையும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. சமயத்தில் நிர்ப்பந்தம் இல்லையென்னும் 2ஆம் அத்தியாயத்து 256ஆம் வசனத்தைக் காட்டி அவர் வாதத்தை முடித்துவிட முயல்வதும், நீங்கள் 9:5ஐ மட்டும் காட்டியதைப் போன்ற செயல்தானே? குர்ஆனின் பின்வந்த ஆணைகள் முன்வந்த ஆணைகளை மாற்றும் என்னும் 'நஸ்க்' கொள்கையை முற்கால விரிவுரையாளர்கள் விவாதித்திருக்கிறார்கள். பொறுமையையும் சமாதானத்தையும் கூறும் முந்திய வசனங்கள் பலவற்றை 9:5 என்னும் ஒரு வசனம் மாற்றிவிட்டது என்று கொண்டோரும் அவர்களுள் உளர், அப்படியன்று, ஒவ்வொன்றும் தன் தன் சூழலுக்கு உரியதாய் நிலைபெறுகிறது என்று கொண்டோரும் உளர். ஆகவே கற்றறிந்த விமரிசகர் கேட்கத்தக்க கேள்வி இது: 'இவ்விரு வகை விரிவுரையாளர்களுள் நீங்கள் யாரை ஏற்கிறீர்கள்? எந்த நியதியால் ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ளுகிறீர்கள்?' இக்கேள்வியில் அவதூறு ஒன்றுமில்லை. ஆனால் முன்னே கூறிய கூச்சலைவிட இது நூறு மடங்கு வலிமையுடையது. ஒரு மௌலவியே தம் நூல்களைத் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். மரியாதையும் வலிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்கிறவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

தத்துவப் பகுதியிலும் இவ்வாறே. தோற்றமுடைய எதற்கும் காரணம் ஒன்று உண்டு, உலகம் தோற்றமுடையது, ஆகவே உலகுக்குக் காரணம் ஒன்று உண்டு என்பது, கஸ்ஸாலி முதலிய, கலாம் என்னும் சமயத் தருக்க இயலின் அறிஞர்கள் போற்றிய வாதம். இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?' என்று வெற்றிக் களிப்போடு எழுவது நாத்திக நண்பர்கள் சிலரின் வழக்கம். உள்ளதெல்லாம் காரணமுடையது என்று அவ்வாதம் சொல்லவில்லையே! தோற்றமுடையதற்கே காரணம் கேட்கிறது. கடவுளுக்குத் தோற்றமில்லை என்கிறது. தாக்க வேண்டிய இடம் இரண்டாவது கூற்று: உலகம் தோற்றமுடையது என்பதற்கு ஆதாரம் என்ன? இதையே இப்னு ருஷ்து என்னும் முஸ்லிம் தத்துவஞானி 12ஆம் நூற்றாண்டில் கஸ்ஸாலிக்கு எதிராக எழுதிய மறுப்பில் வினவினார். இஸ்லாத்தின் மீது தொடுக்கத்தக்க மிகக் கூரிய வினாக்கள் பல, இஸ்லாமிய அறிஞர்களின் நூல்களிலேயே முன்னர்த் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை விமரிசகர் அறிவாராயின், அந்நூல்களைத் தேடிப் படிக்கும் ஆவல் அவருக்குத் தானே பிறக்கும்.

குர்ஆன் இறைவாக்கு என்று குர்ஆனே கூறுவதால் அது இறைவாக்கு என்பது, சாதிக்க வேண்டியதையே சாதனமாகக் கொள்ளும் வட்ட வாதம். வேதத்தை வேதத்தாலும் விவிலியத்தை விவிலியத்தாலும் நிறுவுவோர் இப்பிழையைப் பிறரிடம் சுட்டிக்காட்டுவதற்கு முன் தம் இல்லத்தைச் சோதித்துக்கொள்வாராக.

ஒரே அளவுகோல்

இந்த இடத்தில்தான் 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் நடந்த பிரசித்தமான விவாதத்தை நினைவு கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் ஜெர்மானியப் பாதிரியாரான கார்ல் ஃபாண்டர். இஸ்லாத்தை மறுத்து 'மீஸானுல் ஹக்' என்னும் நூலை எழுதியவர். மறு பக்கம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி. அவருக்குத் துணையாக ஆங்கிலமறிந்த மருத்துவர் வசீர் கான். இறையாணைகள் மாற்றப்படுமா, விவிலியத்தின் பாடம் திரிந்துள்ளதா, திரித்துவம், நபிகள் நாயகத்தின் தூதுத்துவம், குர்ஆன் என்று ஐந்து பொருள்கள் வகுக்கப்பட்டிருந்தன. விவிலியப் பாடங்களைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களே செய்த ஆராய்ச்சிகளை மௌலானா தரப்பினர் சேகரித்து வந்து அடுக்கியபோது, அந்த ஆயத்தத்தை எதிர்பாராத ஃபாண்டர், சில இடங்களில் எழுத்துப் பிழைகளும் பாட வேறுபாடுகளும் உண்டென்று ஒப்பினார். ஆயினும் மூல உபதேசத்துக்கு அவற்றால் பங்கமில்லை என்றார். சில இடம் திரிந்ததென்று ஒப்பியபின் முழு நூலும் பிரமாணமாகாது என்றார் மௌலானா.

தருக்கம் பயில்வோர் இந்த இரண்டு வாக்கியங்களையும் பொறுமையோடு எடைபோட வேண்டும். சில இடங்கள் திரிந்துள்ளன என்பதிலிருந்து எல்லா இடமும் நம்பத்தகாதது என்னும் முடிவு தானே பிறவாது. திரிந்த இடங்கள் அற்பமானவை என்பதிலிருந்து ஏனைய எல்லாம் பழுதற்றவை என்பதும் தானே பிறவாது. இடையில் ஒரு கூற்றை இருவருமே நிறுவாமல் தாண்டினார்கள். அதைவிட ஆழமான கேள்வி ஒன்றும் உண்டு. விவிலியத்தின்மேல் பிரயோகித்த அதே ஆராய்ச்சி முறைகளைக் குர்ஆனின் பாட வரலாற்றின் மேலும் பிரயோகிக்க மௌலானா இசைந்திருப்பாரா? குர்ஆனைச் சோதித்த அதே கடுமையோடு தம் வேதத்தைச் சோதிக்க ஃபாண்டர் அதற்கு முன் முயன்றிருந்தாரா? பிறர் வீட்டு நூலுக்கு ஓர் அளவுகோலும் தம் வீட்டு நூலுக்கு வேறோர் அளவுகோலும் வைப்பது, மதவாதத்தில் நேரும் பிழைகளுள் மிகப் பழையதும் மிகப் பரவலானதுமாகும். திரித்துவம் முதலிய எஞ்சிய மூன்று பொருள்களை எட்டாமலே இரண்டு நாட்களில் சபை முடிந்தது.

நவீன விஞ்ஞான உண்மைகள் குர்ஆனில் முன்பே கூறப்பட்டிருக்கின்றன என்னும் வாதம், பிரெஞ்சு மருத்துவரான மோரிஸ் புகைல் 1976இல் வெளியிட்ட நூலுக்குப் பின் மிகவும் பரவியது. ஓர் உண்மை கண்டுபிடிக்கப்பட்டபின் பழைய வசனத்துக்கு அப்பொருளை ஏற்றுவது எளிது. கண்டுபிடிக்கப்படுமுன் அவ்வசனத்தைக் கொண்டே அதை யாரேனும் கண்டறிந்ததுண்டா என்பதே சோதனை. இக்கேள்வியை முஸ்லிம் நண்பரிடம் கேட்பவர், புஷ்பக விமானத்தைப் பற்றித் தம் உறவினர் பேசும்போதும் இதே கேள்வியை இதே குரலில் கேட்கக் கடமைப்பட்டவர்.

ஏனைய போலிகளைச் சுருங்கச் சொல்லலாம். வாதியின் ஒழுக்கத்தைப் பழிப்பதால் வாதம் பொய்யாகாது. ஒரு கொள்கை யூதரிடமிருந்தோ கிறிஸ்துவரிடமிருந்தோ வந்தது என்று காட்டுவது அதன் வரலாற்றைக் காட்டுமேயன்றி அதன் பொய்ம்மையைக் காட்டாது. பின்பற்றுவோர் கோடிக்கணக்கில் உளர் என்பது எந்தச் சமயத்துக்கும் சான்றாகாது. ஒரு முஸ்லிம் செய்த கொடுமைக்கு இஸ்லாமே காரணம் என்பது எவ்வளவு அவசர முடிவோ, கொடுமை செய்தவன் முஸ்லிமே அல்லன் என்று உடனே விலக்கிவிடுவதும் அவ்வளவே அவசரமானது. முன்னது ஆராயாமல் குற்றம் சுமத்துகிறது, பின்னது ஆராய்ச்சிக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது. 'உங்கள் மதத்தில் மட்டும் இது இல்லையா?' என்பது இரு தரப்பினரும் ஓடி ஒளியும் புகலிடம். இருவரிடமும் குற்றம் இருந்தால் குற்றங்கள் இரண்டு என்றுதான் கணக்கு.

மரியாதையும் இடமும்

நபிகள் நாயகம் என்று மரியாதையோடு சொல்வதால் உங்கள் கொள்கையில் ஓர் அணுவும் குறைந்துவிடாது. ஏக வசனத்தில் பேசினால் நண்பரின் செவி அப்போதே மூடிக்கொள்ளும். குர்ஆன் பிரதியை அவர் வீட்டில் எடுக்க நேர்ந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், தரையில் வைக்காதீர்கள். தொழுகை நேரம் நெருங்கும்போது புதிய வினா எழுப்பாதீர்கள். அழகிய முறையில் வாதிடுமாறு 16ஆம் அத்தியாயத்து 125ஆம் வசனமும், பிறர் வணங்கும் தெய்வங்களை ஏசாதிருக்குமாறு 6ஆம் அத்தியாயத்து 108ஆம் வசனமும் முஸ்லிம்களுக்குக் கட்டளையிடுகின்றன. நண்பர் சினங்கொண்டு உங்கள் தெய்வத்தை இழித்துப் பேச நேர்ந்தால், பதிலுக்குப் பதில் இழிவு பேசுவதைவிட இவ்வசனங்களை மென்மையாக நினைவூட்டுவதே தக்கது.

சட்டத்தின் வரம்பையும் அறிந்திருங்கள். லாகூரில் நபிகள் நாயகத்தைப் பரிகசித்து வெளிவந்த ஒரு பிரசுரத்தால் விளைந்த கொந்தளிப்பை அடுத்து, 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. மத உணர்ச்சியைப் புண்படுத்த வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யும் நிந்தையையே அப்பிரிவு தண்டிக்கிறது. கொள்கையை ஆராய்வோர் அஞ்ச வேண்டியதில்லை. பரிகாசத்தை ஆராய்ச்சி என்று எண்ணுவோர் அஞ்சத்தான் வேண்டும்.

இடத்தைப் பொறுத்த மட்டில் மீண்டும் கஸ்ஸாலியிடமே செல்கிறேன். வாதம் புரிவோர்க்கு அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, பெருங்கூட்டத்தின் நடுவிலும் பிரபுக்களின் முன்னிலையிலும் வாதிடுவதைவிடத் தனிமையில் வாதிடுவதையே ஒருவர் விரும்ப வேண்டும் என்பது. மற்றொன்று, காணாமற்போன பிராணியைத் தேடுகிறவன் அதைத் தான் கண்டாலென்ன, உடன் தேடுகிறவன் கண்டாலென்ன என்று மகிழ்வதுபோல, உண்மை எவர் வாயில் வெளிப்படினும் மகிழ வேண்டும் என்பது. முன்னது இல்லாமல் பின்னது நிகழ்வது மிகவும் கடினம். ஆயிரம் பேர் பார்த்திருக்க, 'நீங்கள் சொல்வது சரி' என்று ஒப்ப எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு? மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, இருபுறமும் ஆதரவாளர்களை அமர்த்தி நடத்தும் விவாதங்களில் கலந்துகொள்ள அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள் என்றே நான் யோசனை கூறுவேன். நால்வர் அல்லது ஐவர், ஒருவர் வீட்டுத் திண்ணையில் அல்லது நூலகத்து அறையில், ஒரு பொழுதுக்கு ஒரே பொருள் என்று அமைத்துக்கொண்டால் போதும்.

அப்படி அமர்ந்தாலும் எழுத்துப் பதிவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆக்ரா விவாதத்துக்குப்பின் இரு தரப்பினரும் தத்தம் விவரணங்களை அச்சிட்டு, வெற்றி தமதே என்று கொண்டாடினார்கள். எவர் எந்த அளவுக்கு எதை ஒப்பினார் என்பதே பெரிய சச்சரவாயிற்று. ஆகவே தொடங்குமுன், விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எந்தத் தமிழாக்கத்திலிருந்து குர்ஆன் வசனங்களை எடுத்தாள்வது என்பதையும், எந்த ஹதீஸ் தொகுப்புகளை இருவரும் ஏற்பது என்பதையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின், ஒப்புக்கொண்டவை இவை, ஒப்புக்கொள்ளாதவை இவை, விடை தேடி வரவேண்டியவை இவை என்று மூன்று பகுதியாக எழுதி, உங்கள் கட்சியை நீங்களும் அவர் கட்சியை அவரும் எழுதாமல், ஒருவர் கட்சியை மற்றவர் எழுதி, உரியவரிடம் காட்டித் திருத்தம் பெற்று, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விடை தேடி வரவேண்டியவை என்னும் மூன்றாம் பகுதி வெறுமையாய் இருக்குமாயின், அன்றைய பேச்சில் இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்கவில்லை என்று கொண்டு, அதே பொருளையே அடுத்த முறையும் எடுத்துக்கொள்க.